கண்டிச் சீமையில் ஒரு நத்தார்

கொழும்பு கோட்டை – கடுகண்ணாவை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை அந்தப் பக்கத்தார் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. ஏரல் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் கரண்டும் இல்லை, செல்போனும் எடுக்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மாவின் எண்ணை அழுத்தி அழுத்தி ஓய்ந்தோம். ஒருவழியாக லைன் கிடைத்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: “ஏட்டி, பிள்ளையத் தூக்கிட்டு இந்தச் சேத்துக்குள்ள வந்துராத. நாங்க நல்லா இருக்கோம். கிறிஸ்மஸ அங்கேயே கொண்டாடுங்க.”

மகளுக்கு அப்போது இரண்டு வயது. விவரம் தெரிந்து அவளுக்கு வருகிற முதல் கிறிஸ்மஸ். முந்தின வருஷம் கைக்குழந்தை; கோயில் மணி அடித்தால் திடுக்கிட்டு அழுதாள், அவ்வளவுதான். அந்த வருஷம் ‘ஸ்டார்’ என்று சொல்லத் தெரியும், கேக்கை எட்டி எடுக்கத் தெரியும், பாட்டுக்குக் கை தட்டத் தெரியும். எங்கள் ஊரில் டிசம்பர் பிறந்ததும் வாசலுக்கு வாசல் ஸ்டார் தொங்கும். ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் வரும். அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் டின் டின்னாக வீட்டில் அடையும். பண்டிகையன்று விடிவதற்கு நெடுநேரம் முன்பே புதுத்துணி சரசரக்க ஆராதனைக்குப் போவோம். இதையெல்லாம் அவளுக்குக் காட்ட வேண்டும் என்று மாதக்கணக்கில் ஆசைப்பட்டிருந்தேன். கொழும்புக் குடியிருப்பில், மூன்று பேருமாக ஒரு பிளாஸ்டிக் மரத்தின் முன்னால் உட்கார்ந்து பண்டிகையை முடித்துக்கொள்ள மனசு ஒப்பவில்லை.

என் கணவருடன் வேலை பார்க்கும் நண்பர் மலையகத்துக்காரர். கலஹாப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வெள்ளச் செய்தியைக் கேட்டதும், “நத்தாருக்கு எங்க வீட்டுக்கு வாங்க அண்ணி. அம்மா சந்தோஷப்படுவாங்க. பிள்ளைக்கும் ஆள் கூட்டம் இருக்கும்” என்றார். இங்கே கிறிஸ்மஸுக்கு நத்தார் என்றுதான் பெயர். இப்படித்தான் கண்டிக்குப் புறப்பட்டோம்.

கண்டி என்ற பெயர் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. எங்கள் பாட்டி தலைமுறையில் இலங்கை மலைநாடு மொத்தமுமே ‘கண்டிச் சீமை’தான். பஞ்சம் வந்தால் கண்டிக்குப் போவார்கள். கடன் முற்றினாலும் கண்டிதான். பாட்டியின் பெரியப்பா ஒருவர் அப்படிப் போனவர். அப்புறம் ஒரு சேதியும் இல்லை. ‘கண்டிக்குப் போன தாத்தா’ என்ற பெயர் மட்டும் வீட்டில் மிஞ்சியது.

ராம்புக்கனை தாண்டியதும் ரயில் மலை ஏறத் தொடங்கியது. தென்னையையும் வயலையும் பார்த்துக்கொண்டே தூங்கிப்போன மகள், குளிர்காற்று முகத்தில் பட்டதும் விழித்துக்கொண்டாள். எதிர் இருக்கையில் வெள்ளைச் சேலை கட்டிய சிங்கள ஆச்சி ஒருவர். மடியில் வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து, பச்சையும் சிவப்புமாக மினுமினுத்த காகிதத்தில் சுற்றிய சிறு துண்டு ஒன்றை எடுத்து, “துவ, கேக்” என்று நீட்டினார். இந்த நாட்டு நத்தார் கேக்கை நான் வாயில் போட்டது அதுதான் முதல் தடவை. வறுத்த ரவை, பொடியாக நறுக்கிய முந்திரி, பூசணி தோசி, இஞ்சிப் பாகு, பன்னீர் வாசம். ஈரமாக, கனமாக, விரலளவு துண்டிலேயே நாக்கு நிறைந்துவிடுகிறது. எங்கள் ஊர் பேக்கரி கேக்கை ஒரு கை பார்க்கிற மாதிரி இதைச் சாப்பிட முடியாது. ஒரு துண்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம். மகள் கேக்கைத் தின்றுவிட்டுக் காகிதத்தை மடித்து மடித்துக் கண்டி வரை கையிலேயே வைத்திருந்தாள்.

குகைகள் வரும்போதெல்லாம் பெட்டியில் இருந்த பையன்கள் கூச்சல் போட்டார்கள். இவளும் கூடக் கூவினாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம்; கீழே படிப்படியாக வயல், தொலைவில் அலகல்ல மலை. கடுகண்ணாவைக் கணவாயை வெட்டித் தார்ச்சாலைக்கு முன்னோடியான பாதையைப் போட்ட பொறியாளர் டாசனின் நினைவாக ஒரு வெள்ளைக் கோபுரம் இங்கே நிற்கிறது. கண்டிக்கு ரயில் வந்தது 1867-இல். அதற்கு முன் காப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் ஜனங்கள் இந்த வசதி எதையும் காணவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பாதையோரத்தில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. அவர்களோடு இடுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். மலையகத்தார் 1823-ஐத் தங்கள் வரலாற்றின் தொடக்கமாக வைத்து, 2023-ஐ 200-ஆவது ஆண்டாக நினைவுகூர்ந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே தடத்தில் ஒரு நடைபயணமும் நடந்தது. மடியில் பாரமாக, வெதுவெதுப்பாகக் கிடந்த பிள்ளையைத் தொட்டுக்கொண்டு அந்தக் காட்டுப் பாதையை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கண்டி, ஏரிக்கரை

கண்டியில் டிசம்பர் கடைசி என்பது நம் கொடைக்கானல் குளிர் இல்லை. இரவில் ஒரு ஸ்வெட்டர் போதும். ஆனால் வருஷம் முழுக்கப் புழுங்கும் கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு அதுவே கொண்டாட்டம். பள்ளிக்கூட விடுமுறைக் காலம் வேறு. தலதா வீதியில் அன்று ஞாயிற்றுக்கிழமை மாலை, நத்தார் முந்தின நாள், நடக்க இடமில்லை. பட்டாசுக் கடை, பலூன்காரர், சிவப்புத் தொப்பி விற்கும் பையன்கள், புதுச் சட்டை வாங்கிக்கொண்டு திரும்பும் முஸ்லிம் குடும்பங்கள், காவி உடுத்த பிக்குகள், ரோல்ஸும் மாலு பாணும் வாங்கப் பேக்கரிகளில் முண்டியடிக்கும் கூட்டம். யாருடைய பண்டிகை என்று பார்த்துப் பிரிக்க முடியாத ஒரு சந்தடி.

பிள்ளைக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவளுக்குப் பிடித்தது ஏரி. கரைச் சுவரோரம் பொரி வாங்கித் தண்ணீரில் போட்டால் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு குவிகின்றன. அவள் ஒரு பொரியைப் போடுவாள், ஒரு பொரியைத் தின்பாள். உடும்பு ஒன்று கரையேறி வந்தபோது, பக்கத்தில் நின்ற சிங்களச் சிறுமி இவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அதிலிருந்து இருவரும் சிநேகம். ஒருத்தி தமிழில், ஒருத்தி சிங்களத்தில், ஏரியைச் சுற்றிப் பாதித் தூரம் பேசிக்கொண்டே வந்தார்கள்.

இந்த ஏரியை 1807-இல் வெட்டுவித்தவன் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்தபோது வைத்த பெயர் கண்ணுசாமி. மதுரையோடு உறவு வைத்திருந்த நாயக்கர் வம்சம். கரையில் அலை அலையாக ஏறி இறங்கும் வெள்ளை மேகச் சுவரும் அவன் காலத்ததே. 1815-இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1832-இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுடைய கல்லறை இருக்கிறது. கொழும்பில் என் பக்கத்து வீட்டு அம்மா, கண்டிக்குப் போகிறேன் என்றதும் இந்த அரசனின் ஏரியைப் பற்றிச் சொல்லவில்லை, அவன் கொல்லச் சொன்ன பிள்ளைகளைப் பற்றித்தான் சொன்னார். எஹெலபொல என்ற அதிகாரி தன்னை எதிர்த்துக் கிளம்பினான் என்று, 1814-இல் அவனுடைய மனைவியின் கண் முன்னாலேயே பிள்ளைகளை வெட்டச் சொன்னான் அரசன். மூத்த பையன் பயந்து தாயின் பின்னால் ஒளிய, இளையவன் மத்தும பண்டார முன்னால் வந்து தலையைக் கொடுத்தான் என்பது சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கும் பாடம். தாயைப் போகம்பரை ஏரியில் மூழ்கடித்தார்கள். நம் மொழி பேசும் வம்சத்து அரசன் செய்த காரியம் இது. தமிழ்நாட்டில் அவனை நாடிழந்த தமிழ் மன்னன் என்று மட்டுமே படிக்கிறோம். இரண்டு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நகரத்தில் நடக்கிற ஒருத்திக்கு அந்தத் தாயை விட்டுவிட்டு அரசனை மட்டும் நினைக்க முடியவில்லை.

தலதா மாளிகை மதிலுக்கும் நாத தேவாலயத்துக்கும் அடுத்து, சிவப்புச் செங்கல்லில் நிற்கிறது செயின்ட் பால்ஸ் தேவாலயம். 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆங்கிலிக்கன் கோயில். புத்தரின் புனிதப் பல் இருக்கும் இடத்துக்கு இத்தனை நெருக்கத்தில் ஆட்சியாளர்கள் இதைக் கட்டியதில் அதிகாரத் திமிர் இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கு அதன் வாசலில் நிற்கும்போது கேட்பது வேறு. மாளிகையின் மாலைப் பூசை முரசு ஒரு பக்கம், பாடகர் குழு ஒத்திகை மறுபக்கம். மகள் இரண்டுக்கும் சேர்த்துக் குதித்தாள்.

திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்துக்கும் போனோம். சுவரே இல்லாத, கல் தூண்களும் கண்டிக் கூரையுமாக நிற்கும் கோயில். பலிபீடத்தின் பக்கம் டேவிட் பெயின்டர் தீட்டிய சுவரோவியங்கள். பெயின்டரின் அப்பா ஆங்கிலேயர், அம்மா சிங்களவர். 1900-இல் நம் அல்மோராவில் பிறந்தவர். அவர் வரைந்த சிலுவை மரணத்தில் இயேசுவுக்குத் தாடி இல்லை, வெள்ளைத் தோலும் இல்லை. செபதேயுவின் மனைவி தன் இரு மகன்களுக்கு இடம் கேட்டு வந்து நிற்கும் காட்சியும் அங்கே உண்டு. பிள்ளைக்காக வாய்விட்டுக் கேட்கிற தாயை அந்தப் பீடத்துக்குப் பக்கத்தில் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் சுவரெல்லாம் வெறும் வெள்ளை. வசனம் மட்டும்தான் எழுதியிருக்கும்.

இரவு பன்னிரண்டுக்கு ஊரே வெடித்தது. தீபாவளிக்குத்தான் இப்படிப் பட்டாசு பார்த்திருக்கிறேன். மகள் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா ஓடி வந்து தன் பேரப்பிள்ளைகளோடு அவளையும் ஜன்னலருகே உட்கார வைத்து, ஒவ்வொரு வெடிக்கும் “ஹோ!” என்று கத்தக் கற்றுக்கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.

கலஹா

காலையில் ஆராதனை முடிந்து கலஹாவுக்குப் புறப்பட்டோம். ஹந்தானை மலையைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை. மழை விட்டும் விடாமலும் தூறியது. இந்தப் பக்கத்து மலைகளில்தான் இலங்கையின் தேயிலைக் கதை தொடங்குகிறது. லூல்கந்தூரத் தோட்டத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அப்புறம் காப்பியை இலை நோய் தின்ன, மலை முழுக்கத் தேயிலை ஏறியது. நட்ட துரையின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. குழி வெட்டிய கைகள் யாருடையவை என்று தேடினால் ஒரு பெயரும் கிடைக்காது.

நண்பரின் வீடு இருந்த லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, ஸ்டாரை வைத்தே கண்டுபிடித்தோம். மூங்கில் சிம்பு வளைத்து, டிஷ்யூ காகிதம் ஒட்டி, உள்ளே பல்பு வைத்த ஸ்டார். ஐந்து முனையில் ஒரு முனை மழையில் நனைந்து தொங்கியது. அதே கை, அதே பசை, அதே கோணல். ஏரலில் என் அப்பா செய்கிற ஸ்டார் இப்படித்தான் இருக்கும். இந்த ஒற்றுமைக்குக் காரணம் இருக்கிறது. 1854-இல் கண்டியை மையமாக வைத்துத் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கியபோது, தோட்டங்களில் ஊழியம் செய்ய வந்த உபதேசியார்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்துதான் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பாமாலையும் ஜெப ஒழுங்கும் இந்த மலைகளில் இன்னும் இருக்கிறது. நண்பரின் அம்மா ஜெபம் பண்ண ஆரம்பித்தபோது எங்கள் ஊர்ச் சபைக் கிழவிகளின் அதே ராகம். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

லயத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை; முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு. இவர்கள் பின்பக்கம் சுவர் இழுத்து அடுப்படி சேர்த்திருந்தார்கள். பன்னிரண்டு காம்பராக்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மூன்றோ நான்கோதான். ஆனால் அன்று எந்த அடுப்பிலும் தனிச் சமையல் இல்லை. எல்லா வீட்டுப் பெண்களும் இங்கேதான். ஒருத்தர் தேங்காய் திருவ, ஒருத்தர் ரொட்டி தட்ட, ஒருத்தர் கட்டச் சம்பல் இடிக்க, கோழிக்குழம்பு பெரிய சட்டியில் கொதித்தது. சாயத்தண்ணியில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தார்கள். தேயிலை பறிக்கிற வீட்டில் தேத்தண்ணி எப்படி இருக்கும் என்று நினைப்போம்? அவர்களுக்குக் கிடைப்பது தூள் தேயிலை. நல்ல இலை எல்லாம் கப்பலுக்குப் போய்விடுகிறது.

மகளை நான் அன்று முழுக்கத் தூக்கவே இல்லை. வந்த உடனே ஒரு சிறுமி இடுப்பில் வைத்துக்கொண்டு போனவள், பீலித் தண்ணியில் கால் நனைக்க, கோழிக்குஞ்சு பார்க்க, நாய்க்குட்டிக்கு ரொட்டி போட என்று லயத்தைச் சுற்றிக் கைமாறிக்கொண்டே இருந்தாள். கொழும்பில் அவளுக்கு நான், அப்பா, லிப்டில் பார்க்கும் முகங்கள், அவ்வளவுதான். இங்கே கூப்பிட்ட குரலுக்கு எட்டு அக்காமார். மத்தியானம் சிவப்புச் சட்டையும் பஞ்சுத் தாடியுமாக நத்தார் பாப்பா வந்தார். தோட்டத்து ஆட்டோக்காரத் தம்பிதான் அது. பறை மேளம் அடித்துக்கொண்டு முன்னால் வந்த பையன்கள் பக்கத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அடிக்கிறவர்கள். நம் ஊரில் கிறிஸ்மஸ் தாத்தாவோடு டிரம்ஸ் வரும். தப்பு வந்து நான் பார்த்ததில்லை. பிள்ளை பயப்படவில்லை. தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு டொஃபியை வாங்கிக்கொண்டாள்.

நண்பரின் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவர். சாப்பிட்டதும் என்னை அங்கே கூட்டிப்போனார். லயத்துக்கு மேல் மேட்டில் தகரக் கூரைக் கட்டடம். இப்போது சிறுவர் நிலையம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். விடுமுறை என்பதால் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் குட்டி நாற்காலிகள், சுவரில் யானைப் படம், விட்டத்தில் வரிசையாகக் கொக்கிகள். “அந்தக் கொக்கியிலதான் சேலையைக் கட்டித் தொட்டில் போடுவோம். ஒரே நேரத்துல பத்துப் புள்ளைங்க கிடக்கும். ஒண்ணு அழுதா எல்லாம் அழும்” என்றார்.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் முன் தாய்மார் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். பால் கொடுக்கிற நேரத்துக்கு மலையிலிருந்து இறங்கி ஓடி வருவார்கள். மழையில் நனைந்த படங்கோடு, அட்டை கடித்த காலோடு. “மேட்டு மலையில வேலைன்னா வந்து போறதுக்குள்ள நேரம் போயிரும். கொழுந்து நிறை கொறைஞ்சா அரைப் பேர்னு போட்டுருவாங்க. அதனால சில பேரு வரவே மாட்டாங்க. புள்ள வாசலையே பாத்துக்கிட்டிருக்கும்.” நாங்கள் போன 2023 டிசம்பரில் ஒரு முழு நாள் சம்பளம் 1000 ரூபாய். அதை வாங்கவே 2021 வரை போராட வேண்டியிருந்தது. வாங்கிய பிறகு நாணயமே பெருமளவு மதிப்பு இழந்துவிட்டது. நத்தாருக்குக் கேக் செய்ய முட்டையும் முந்திரியும் வாங்க, லயத்தில் மாதாமாதம் சீட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கேக்கில் எங்கள் மூவருக்கும் பெரிய துண்டு வைத்தார்கள்.

நண்பரின் அம்மாவுடைய அண்ணன் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் பட்டியலில் வந்தவர். கோத்தகிரியில் குடியேறினார். தங்கை இங்கே, அண்ணன் அங்கே. இருவர் கையிலும் தேயிலைக் கொழுந்துதான், நடுவில் கடல். அன்றைய பிரதமர்கள் சிரிமாவும் சாஸ்திரியும் ஆளுக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்ட கணக்கில், அண்ணன் தங்கை என்ற கணக்கு எந்த இடத்திலும் வரவில்லை. “அண்ணன் போன அன்னைக்கு இவன் தவழ்ந்துக்கிட்டிருந்தான்” என்று மகனைக் காட்டினார். கப்பல் போட்டோ எதுவும் இல்லை. அண்ணன் விட்டுப்போன கொழுந்துக்கூடை ஒன்று, அடிப்பகுதி இற்றுப்போய், இஸ்தோப்பு மூலையில் மாட்டியிருக்கிறது.

“நீங்க எந்தப் பக்கம் மகள்?” என்று கேட்டவர், ஏரல் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா உடன்குடிப் பக்கம். “பனை நிறைய இருக்குமாமே? கடல் கிட்டவாமே?” எழுபதை நெருங்குகிறவர், ஒருமுறையும் கடல் தாண்டாதவர், உடன்குடியின் மணல் நிறத்தை என்னிடம் சொல்லிச் சரிதானா என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது.

தலதா மாளிகை

அடுத்த நாள் உந்துவப் பௌர்ணமி. கண்டி வேறு ஊராகிவிட்டது. இறைச்சிக் கடை, மதுக்கடை எல்லாம் அடைப்பு. தெருவெல்லாம் வெள்ளைச் சேலை, வெள்ளைச் சட்டை. அசோகரின் மகள் சங்கமித்தை போதி மரக் கிளையோடு இலங்கைக்கு வந்த நாளாக இதைக் கொண்டாடுகிறார்கள். யாழ்ப்பாணக் கரையில் இறங்கியதாகப் பௌத்த மரபு சொல்கிறது. சங்கமித்தையும் ஒரு தாய்தான். மகன் சுமணன் மாமா மகிந்தரோடு முன்பே இங்கே வந்துவிட்டிருந்தான். அதனால் இந்தப் பௌர்ணமியில் பெண்கள் கூட்டம் அதிகம். கைக்குழந்தையோடு வந்தவர்களை எண்ண முடியாது.

மாளிகை வாசலில் சோதனை கடுமை. 1998 ஜனவரியில் புலிகளின் லாரிக் குண்டு இங்கேதான் வெடித்தது. பெண் காவலர் என் பையில் இருந்த பால் புட்டி, டயப்பர், மாற்றுச் சட்டை ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். என் பேச்சிலிருந்து தமிழ் என்று தெரிந்துகொண்டார். முகம் மாறவில்லை. வேலை முடிந்ததும் பொருட்களை அவரே மடித்து அடுக்கி வைத்து, மகளின் கன்னத்தைத் தட்டி, பிள்ளைகளோடு வருகிறவர்கள் நெரிசலில் மாட்டாமல் போகும் பக்கத்தைக் காட்டினார்.

நாங்கள் கிறிஸ்தவர்கள், பல் பேழையைத் தரிசிக்க வரிசையில் நிற்கவில்லை. நாத தேவாலய முற்றத்து அரச மரத்தடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். தேங்காயெண்ணெய் விளக்குகளின் வெக்கை, அரளிப் பூவும் நீலோற்பலமும் வாடுகிற வாசனை. ஒரு பெண் தன் தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து மகளிடம் கொடுத்து, மரத்தடியில் வைக்கச் சொன்னார். இவள் வைத்தாள். உடனே திருப்பி எடுத்தாள். மறுபடி வைத்தாள். அந்தப் பெண் பொறுமையாக நின்று, அவள் ஆட்டம் முடியும்வரை தன் பூசையைத் தொடங்கவில்லை.

எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது பத்தினி தேவாலயம். பத்தினி நம் கண்ணகிதான். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு அங்கே இருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். அவன் மூலமாக இந்த வழிபாடு இங்கே வந்தது என்பது நம்பிக்கை. மதுரையை எரித்தவள் இந்த மலையில் பிள்ளைகளின் காவல் தெய்வம். அம்மை போட்டாலும், காய்ச்சல் விட்டுவிட்டு வந்தாலும், பிள்ளை வேண்டுமென்றாலும் இவளிடம் வருகிறார்கள். சின்னக் கட்டடம். அன்று உள்ளே நின்ற தாய்மார் எல்லோர் தோளிலும் ஒரு பிள்ளை. நம் நாட்டில் கண்ணகிக்குச் சிலை வைத்தோம், பட்டிமன்றம் வைத்தோம். ஜுரம் அடிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடுகிற உறவு எப்போதோ போய்விட்டது. இங்கே அது அப்படியே இருக்கிறது, சிங்களத்தில்.

கட்டுக்கலை

27-ஆம் தேதி திருவாதிரை. திருவெம்பாவைக் காலத்தின் கடைசி நாள். இருட்டோடு எழுந்து கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயிலுக்குப் போனோம். மூன்று நாளில் மூன்று பண்டிகை இப்படி அடுத்தடுத்து வந்தது அந்த வருஷத்துக் காலண்டரின் கொடை. பனியில் சங்கு ஊதினார்கள். நகைக்கடைக்காரர்கள், பல்கலைக்கழக மாணவிகள், நகர சுத்தித் தொழிலாளிகள், எல்லோரும் ஒரே குரலில் பாடினார்கள். சர்க்கரைப் பொங்கலும் அவித்த கடலையும் வாழையிலைத் துண்டில் கிடைத்தது. மகள் கடலையை ஒவ்வொன்றாக எண்ணி, ஒன்று, ரெண்டு, அஞ்சு என்று தின்றாள். அங்கே அதிக நேரம் இருக்கவில்லை. திரும்பும் வழியில் தெருமுனையில் ரொட்டி விற்கும் சூன் பாண் ஆட்டோ பீத்தோவனின் ‘ஃபர் எலீஸ்’ மெட்டை ஒலித்துக்கொண்டு ஏறி வந்தது. அதைக் கேட்டால் இவள் எந்த இடத்திலும் நின்று ஆடுவாள். பாண்காரர் அவளுக்காக வண்டியை நிறுத்தி, மெட்டை முழுசாக ஓடவிட்டார்.

பேராதனை

மகாவலி ஒரு பெரிய வளைவாகச் சுற்றிக்கொண்டு ஓட, அதன் நடுவே 147 ஏக்கரில் கிடக்கிறது பேராதனைத் தாவரவியல் பூங்கா. 1821-இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கியது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆர்க்கிட் வீட்டையும் அரசர்கள் நட்ட மரங்களையும் எழுதுவார்கள். பிள்ளையோடு போகிறவர்களுக்கு இது முதலில் ஒரு புல்வெளி. வண்டி இல்லை, சுவர் இல்லை, “ஓடாதே” என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பெரிய அத்தி மரம் ஒன்று தன் கிளைகளைப் பந்தலாக விரித்து நிற்கிறது. அதன் வேர் மேடுகளில் ஏறி இறங்கியே அரை நாள் போனது. மேலே வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்கிக் கத்தின. “காக்கா தூங்குது” என்றாள்.

குக் பைன் சாலைக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். நெடுநெடுவென்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வரிசையாக நிற்கும் பச்சைக் கூம்புகள். கைநீட்டி, “கிறிஸ்மஸ் மரம்! நிறைய!” என்று கத்தினாள். அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த முஸ்லிம் குடும்பம் சிரித்துவிட்டது. அந்த வீட்டு உம்மா தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். சுழற்பந்து வீச்சாளர் முரளிதரனின் குடும்பம் கண்டியில் நடத்தும் ‘லக்கிலாண்ட்’ பிஸ்கட். “மரத்துல ஒண்ணும் கட்டல்லையே, நாங்க கட்டுவோம்” என்று அந்தப் பாக்கெட்டின் மினுக்குக் காகிதத்தை ஒரு கிளையருகே பிடித்துக் காட்டி, அப்புறம் குப்பையாகிவிடக் கூடாதென்று அவளிடமே கொடுத்தார்.

பூங்காவுக்கு எதிரே, மலைச்சரிவில் பல்கலைக்கழகம். பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்த வளாகம். மேட்டில் மாணவர்கள் கட்டிய குறிஞ்சிக் குமரன் கோயில். பிள்ளை தூங்கிவிட்டதால் வெளியே இருந்தே பார்த்துக்கொண்டோம். பேராதனைச் சந்தியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கண்டிக்கு, மற்றது நாவலப்பிட்டி வழியாக மேலே பதுளைக்கு. அந்த நாவலப்பிட்டியில் 1917-இல் பிறந்தவர் எம்.ஜி.ஆர். தகப்பன் இறந்தபின் சத்தியபாமா அம்மாள் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்து கும்பகோணத்தில் பிழைப்புத் தேடினார். கண்டிச் சீமைக்குப் போனவர்களின் கதையை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கைப்பிள்ளைகளோடு அங்கிருந்து திரும்பி வந்த விதவைத் தாய்மாரின் கதையை இன்னும் யாராவது எழுத வேண்டும்.

கொழும்புக்கு வந்த மறுநாளே கலஹாவிலிருந்து போன். தைப்பொங்கலுக்குக் கட்டாயம் வர வேண்டும், பிள்ளையை விட்டுவிட்டு வரக் கூடாது. ஆயாம்மா போனை வாங்கி ஒரே ஒரு சாமான் கேட்டார்: உடன்குடிக் கருப்பட்டி. தாத்தா ஊர்க் கருப்பட்டியில் ஒருதரம் பொங்கல் வைத்துப் பார்க்க வேண்டுமாம். வெள்ளத்தில் எங்கள் பக்கத்துப் பாலங்கள் சில அறுந்து கிடந்தன. ஆனாலும் அப்பா பஸ் மாறி மாறிப் போய் இரண்டு கிலோ வாங்கி வைத்துவிட்டார். சென்னையிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரவிருந்த ஒரு நண்பர் அதை எடுத்து வருவதாகச் சொன்னார்.